பைக்குக்கு எந்த கேஜ்: பேனாவா, முள்ளா, டிஜிட்டலா?

பைக்குக்கு, காற்றழுத்தத்தை அளக்கும் ஒரு டயர் கேஜ் வாங்கப் போகிறேன் என்று பெங்களூரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "பங்க்லதான் சும்மாவே காத்து புடிக்கிறாங்களே, அது எதுக்கு தண்டச் செலவு?" என்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசம். எண்ணெய் நிறுவனங்கள் பங்க் நடத்துபவர்களுக்கு வைத்திருக்கும் விதிகளிலேயே அது உண்டு. மிஷின் இருக்கிறது, பிடித்துவிட ஆளும் இருக்கிறார். அப்புறம் எதற்குத் தனியாக ஒரு கேஜ்?

டயர் சூடாவதுதான் காரணம். வண்டிக் கம்பெனி சொல்லும் காற்றளவு ஆறிய டயருக்கானது. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. பெல்லந்தூரில் குடியிருப்பவர் காலையில் கிளம்பி, சிக்னலுக்கு சிக்னல் நின்று பிரேக் அடித்து, பங்க்குக்குப் போய்ச் சேர்வதற்குள் டயர் சூடேறியிருக்கும். உள்ளே இருக்கும் காற்று 10 டிகிரி செல்சியஸ் கூடினால், 30 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தக் கணக்கு) இருந்த டயர் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏற்றிக் காட்டும். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறி ஓசூர் வரை விரட்டிவிட்டு நிறுத்தினால் மூன்று நாலு கூடவே காட்டலாம். அந்தச் சூட்டில் "சரியா 30 இருக்கு சார்" என்று பங்க்கில் சொன்னால், மறுநாள் காலையில் அதே டயரில் இருப்பது 27. கம்பெனி கேட்ட அளவைவிட மூன்று குறைவாகத்தான் நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

அதனால் டயரை அளக்க வேண்டிய இடம் வீடு. நேரம், சாவியைப் போடுவதற்கு முன். காற்று பிடிக்க வேண்டிய இடம் பங்க்காகவே இருக்கட்டும். இரண்டையும் சேர்க்க ஒரு எளிய கணக்கு உண்டு. வீட்டில் ஆறிய பின் டயர் 26 காட்டுகிறது, வேண்டியது 30 என்றால் நாலு குறைகிறது. இந்த நாலை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போங்கள். பங்க் மிஷின் சூட்டில் 29 காட்டினால் 33 வரை ஏற்றச் சொல்லுங்கள். 31 காட்டினால் 35. மிஷின் சொல்லும் எண் சரியா தப்பா என்ற கவலையே இதில் வேண்டாம். அது எப்போதும் இரண்டு கூட்டிக் காட்டும் மிஷினாக இருந்தாலும் முதலிலும் இரண்டு கூட்டியிருக்கும், கடைசியிலும் இரண்டு கூட்டியிருக்கும். இடையில் உள்ளே போன நாலு ஏறக்குறைய சரியான நாலுதான். கன்னடத்தில் "எஷ்டு?" (எவ்வளவு?) என்று கேட்டால் "ஈக எஷ்டு இதே நோடி, அதக்கிந்த நால்கு ஜாஸ்தி ஹாகி" (இப்போ எவ்வளவு இருக்குன்னு பாருங்க, அதைவிட நாலு கூடப் போடுங்க) என்று சொன்னால் போதும். பல பங்க்குகளில் தமிழிலேயே சொல்லிவிடலாம்.

எவ்வளவு வேண்டும் என்பதை வண்டியின் கையேட்டில் பாருங்கள். அல்லது செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்துப் பிடிக்கிறவர்கள் நிறைய உண்டு. அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. உங்கள் வண்டிக்கான அளவு இல்லை. பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு வேறு எண் என்பதும் ஸ்டிக்கரில் இருக்கும். சிலவற்றில் கிலோ/சதுர செ.மீ. கணக்கு, சிலவற்றில் கிலோபாஸ்கல். 1 கிலோ/சதுர செ.மீ. என்பது 14.2 பி.எஸ்.ஐ.; 100 கிலோபாஸ்கல் என்பது 14.5. ஆக 2.25 என்று போட்டிருந்தால் 32, 200 என்று போட்டிருந்தால் 29. ஸ்கூட்டரின் முன் டயரில் தொடங்கி, சாமான் ஏற்றிய பெரிய பைக்கின் பின் டயர் வரை எல்லாமே ஏறக்குறைய 20-க்கும் 42-க்கும் நடுவில் அடங்கிவிடும். கேஜ் வாங்கும்போது இந்த 20, 42 இரண்டும் மனதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஏன் என்று கீழே வருகிறது.

பேனா கேஜ்

சட்டைப் பையில் குத்திக்கொள்கிற மாதிரி இருக்கும், வால்வில் அழுத்தினால் அடியிலிருந்து ஒரு குச்சி வெளியே வரும். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் பிஸ்டனும்தான். பேட்டரி வேண்டாம், கீழே விழுந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது, விலையும் இருப்பதிலேயே குறைவு. பஞ்சர் கடைகளில் இதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். ஆனால் குச்சியில் கோடுகள் நெருக்கமாக இருக்கும், ஒவ்வொரு கோடும் பெரும்பாலும் இரண்டு பி.எஸ்.ஐ. தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ உள்ளே போனால் பிஸ்டன் லேசாகச் சிக்கும். குச்சி ஒருமுறை 28-இல் நிற்கும், அடுத்த முறை 31-இல் நிற்கும். அதோடு, லாரிக்கும் காருக்குமாகச் செய்த நீளப் பேனாக்களை பைக் சக்கரத்துக்குள் நேராக நுழைக்கவே முடியாது. சீட்டுக்கு அடியில் டூல் கிட்டோடு போட்டு வைக்க ஒன்று இருக்கலாம். அதை மட்டும் நம்பி டயரைப் பராமரிக்க வேண்டாம்.

முள் கேஜ்

இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நல்லதும் மோசமானதும் ஒரே தோற்றத்தில் விற்கிற பொருள் இது.

உள்ளே இருப்பது பூர்தோன் குழாய். பிரான்சில் யூஜின் பூர்தோன் 1849-இல் காப்புரிமை வாங்கிய சாதனம், இன்றுவரை அடிப்படை மாறவில்லை. தட்டையாக்கி வளைத்த ஒரு பித்தளைக் குழாய். உள்ளே அழுத்தம் ஏறினால் நிமிரப் பார்க்கும். திருவிழாவில் விற்கும் சுருள் ஊதலை ஊதினால் காகிதம் விரிகிறதே, அதே சங்கதிதான். குழாய் நிமிர்கிற துளி அசைவைச் சின்னப் பற்சக்கரங்கள் பெரிதாக்கி முள்ளைத் திருப்புகின்றன. பேட்டரி தீரும் பேச்சே இல்லை. வெயிலில் கிடந்தாலும், ஒரு வருடம் தொடாமல் வைத்திருந்தாலும் எடுத்தவுடன் வேலை செய்யும்.

கடையில் முள் கேஜ் பெரும்பாலும் மூன்று அளவுகளில் கிடைக்கும்: 60 வரை, 100 வரை, 160 வரை. "160 வரைக்கும் இருக்கு சார், கார், லாரி எல்லாத்துக்கும் ஆகும், ஒரே வாங்கலா வாங்கிடுங்க" என்று கடைக்காரர் சொல்லுவார். வாங்காதீர்கள். முள் கேஜின் துல்லியத்தைச் சொல்லும் சதவீதம் நீங்கள் படிக்கிற எண்ணின் சதவீதம் கிடையாது. முழு அளவுகோலின் சதவீதம். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.ஈ.யின் தரத்தில் 'கிரேடு பி' என்று ஒரு வகை உண்டு. டயர் கேஜ் பெட்டிகளில் அடிக்கடி தென்படும் பெயர். அளவுகோலின் நடுப் பாதியில் 2 சதவீதம் வரையும், இரண்டு ஓரங்களிலும் 3 சதவீதம் வரையும் பிழை இருக்கலாம் என்பது அதன் பொருள். இப்போது கணக்குப் போடுங்கள். 60 வரை உள்ள கேஜில் நடுப் பாதி என்பது 15 முதல் 45 வரை. மேலே சொன்ன 20-இலிருந்து 42 முழுவதும் அதற்குள் விழுந்துவிட்டது. பிழை அதிகபட்சம் 60-இல் 2 சதவீதம், அதாவது 1.2 பி.எஸ்.ஐ. 100 வரை உள்ளதில் 30-ஐப் படித்தால் பிழை 2 வரை போகலாம்; ஸ்கூட்டர் முன் டயர் 22 என்றால் ஓரப் பகுதிக்குப் போய்விடும், பிழை 3. 160 வரை உள்ளதில் நடுப் பாதியே 40-இல்தான் தொடங்குகிறது. 30 அங்கே ஓரம். பிழை 4.8 வரை. அதே தரம், அதே பெட்டி, அதே கம்பெனி. முள் 30 காட்டும், டயரில் 25 இருந்தாலும் 35 இருந்தாலும் கேஜைக் குறை சொல்ல முடியாது!

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண் வேண்டுமென்றால், டயர் அழுத்தமானிகளுக்கான ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 12645, 4 பார் (ஒரு பார் என்பது 100 கிலோபாஸ்கல்) வரையிலான அழுத்தத்துக்கு 0.08 பார் பிழையை அனுமதிக்கிறது. அதுவும் கிட்டத்தட்ட 1.2 பி.எஸ்.ஐ.தான். வீட்டுக் கேஜ் அந்த எல்லைக்குள் இருந்தால் பைக்குக்குத் தாராளம். அரை பி.எஸ்.ஐ.க்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள இது ரேஸ் டிராக் இல்லை, நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பு.

முள் கேஜின் பலவீனம் அடி. கான்கிரீட் தரையில் ஒருமுறை விழுந்தாலே உள்ளே குழாயோ பற்சக்கரமோ லேசாக நகர்ந்துவிடும், அதன் பிறகு காட்டுவதெல்லாம் ஒன்றிரண்டு தள்ளித்தான் இருக்கும். இதனால்தான் நல்லவற்றுக்குச் சுற்றிலும் ரப்பர் உறை போட்டிருப்பார்கள். முள் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்து இதைக் கண்டுபிடிக்கலாம், ஆனால் அதிலும் ஒரு தந்திரம் உண்டு: சில மலிவு கேஜ்களில் பூஜ்யத்தின் மேலேயே ஒரு சின்ன ஆணி வைத்திருப்பார்கள். முள் உண்மையில் பூஜ்யத்துக்கும் மூன்று கீழே நிற்க வேண்டியதாக இருந்தாலும் ஆணியில் சாய்ந்து பூஜ்யம் போலவே நிற்கும். ஆணி இல்லாத, முள் தானாக வந்து நிற்கும் முகப்பு நல்லது. இரண்டு அங்குல முகப்பாவது இருந்தால் ஒவ்வொரு பி.எஸ்.ஐ.க்கும் தனிக் கோடு தெரியும்.

டிஜிட்டல்

படிக்க எளிது. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் மொபைல் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு முள்ளைத் தேட வேண்டாம். எண் வெளிச்சத்தோடு வரும், வால்விலிருந்து எடுத்த பிறகும் சில நொடி நிற்கும். சிலவற்றின் மூக்கிலேயே ஒரு சின்ன விளக்கு இருக்கும். அப்பார்ட்மென்ட் அடித்தளத்தில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இது பெரிய சௌகரியம்தான்.

உள்ளே அழுத்தத்தால் வளையும் சிலிக்கான் துண்டு ஒன்று, அதன் மின்தடை மாறுவதை எண்ணாக மாற்றும் சிப் ஒன்று. பற்சக்கரம் இல்லாததால் கீழே விழுந்தாலும் முள் கேஜ் அளவுக்குக் கெட்டுப்போகாது. ஆனால் திரையில் 29.3 என்று வந்தவுடன் நம் மனது அந்தப் புள்ளி மூன்றை நம்பிவிடுகிறது. பெட்டியின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். 0 முதல் 150 வரை என்றும் துல்லியம் 1 சதவீதம் என்றும் போட்டிருந்தால், அதுவும் முழு அளவுகோலுக்கே என்றால், ஒன்றரை பி.எஸ்.ஐ. இப்படியும் இருக்கலாம் அப்படியும் இருக்கலாம். புள்ளிக்குப் பின்னால் வரும் எண் வெறும் அலங்காரம். துல்லியம் பற்றிப் பெட்டியில் ஒன்றுமே போடாதவை அதைவிட அதிகம். அவற்றை அப்படியே வைத்துவிட்டு வரலாம்.

பேட்டரி இன்னொரு தலைவலி. மாதம் இரண்டு முறை எடுக்கும் பொருளில் பொத்தான் பேட்டரி தீர்ந்திருப்பது தெரிவது, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை நந்தி மலைக்குக் கிளம்பும்போதுதான். பெட்டிக் கடையில் கிடைக்கிற பேட்டரியா, திறக்க ஸ்குரூ டிரைவர் வேண்டுமா என்று வாங்கும்போதே பாருங்கள். இன்னொன்று: டிஜிட்டல் கேஜ்களில் பல, ஆன் செய்யும் நொடியில் வெளிக்காற்றை அளந்து அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் முதலில் ஆன் செய்து பூஜ்யம் வந்த பிறகே வால்வில் வையுங்கள்.

வாய்ப் பகுதிதான் பாதி கேஜ்

காருக்கு எழுதப்பட்ட கேஜ் ஒப்பீடுகளில், வால்வில் வைத்து அழுத்தும் இந்த வாயைப் பற்றிய பேச்சு ஒரு வரியில் முடிந்துவிடும். பைக்குக்கு இதுதான் முக்கியம். காரில் வால்வு வெளியே பார்த்துக்கொண்டு நிற்கும், எந்த கேஜையும் வைத்து அழுத்தலாம். பைக் சக்கரத்தில் ஒரு பக்கம் டிஸ்க், மறு பக்கம் செயின் ஸ்புராக்கெட், நடுவில் ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையே சாண் இடம். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரத்தில் விரலே சிரமப்பட்டுத்தான் போகும். பின் சக்கரத்தில் சைலன்சர் வேறு குறுக்கே நிற்கும். ஸ்போக் வீல் என்றால் கம்பிகளுக்கு நடுவே வழி பார்க்க வேண்டும்.

வாயை வால்வில் கோணலாக வைத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்: புஸ்ஸென்று காற்று போகும், முள் பாதியில் தடுமாறும், விட்டு மறுபடி வைப்போம், மறுபடி புஸ். பைக் டயருக்குள் இருக்கும் காற்று கார் டயரோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். நாலு தடவை இப்படிச் செய்தால் அளக்கப் போன காற்றே குறைந்துவிடும். அதனால் முழு முகமும் உலோகத்தால் ஆன நேர்வாய் முள் கேஜைவிட, ஒரு சாண் நீள ரப்பர் குழாயின் முனையில் வாய் வைத்தது பைக்குக்குப் பல மடங்கு மேல். வாய் வளைந்து, நாற்பத்தைந்து பாகையோ தொண்ணூறு பாகையோ திரும்பியிருந்தால் இன்னும் நல்லது. வாயை ஒரு கையால் வால்வில் பிடித்துக்கொண்டு முகப்பை மறு கையில் வெளிச்சத்தில் பார்க்கலாம். குழாய் ரொம்ப நீளமாக இருக்க வேண்டாம். குழாயை நிரப்பும் காற்றும் உங்கள் டயரிலிருந்துதான் போகிறது.

வாயில் இரண்டு வகை. ஒன்று அழுத்திப் பிடிப்பது, மற்றொன்று திருகி மாட்டுவது. திருகுவதில் கை விட்டுவிட்டு நிதானமாகப் படிக்கலாம், ஆனால் மாட்டும்போதும் கழற்றும்போதும் கொஞ்சம் காற்று போகும். ஸ்கூட்டரில் விரல் நுழையாத இடத்தில் திருகுவது பொறுமைக்கு ஒரு சோதனை. கனமான முகப்பை நேராக வால்விலேயே திருகித் தொங்கவிடும் மாடல்களை டியூப்லெஸ் ரப்பர் வால்வில் மாட்டாதீர்கள். அந்த ரப்பரின் அடிப்பகுதி வெயிலில் காய்ந்து வெடித்திருந்தால், இழுபட்டு அங்கேயே கசியத் தொடங்கும். என் ஓட்டு அழுத்திப் பிடிக்கும் வளைந்த வாய்க்கே.

காற்றை இறக்க ஒரு பொத்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். பங்க்கில் இரண்டு கூடுதலாகவே பிடித்துக்கொண்டு வந்து, மறுநாள் காலை ஆறிய பின் கேஜை வைத்து, பொத்தானைத் தட்டித் தட்டி சரியான அளவுக்கு இறக்கிவிடலாம். மேலே சொன்ன கூட்டல் கணக்குகூட வேண்டாம். எனக்குப் பிடித்த முறை இதுதான். பேனா கேஜில் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது, டிஜிட்டலில் சிலவற்றில்தான் உண்டு, குழாய் வைத்த முள் கேஜ்களில் பெரும்பாலும் இருக்கும்.

பம்போடு வரும் கேஜ், வால்வு மூடி சென்சார்

பாக்கெட் அளவு எலெக்ட்ரிக் பம்ப் இப்போது எல்லார் டாங்க் பையிலும் இருக்கிறது. எண்ணைப் போட்டால் அந்த அளவு வந்ததும் தானே நிற்கும். காற்று அடிக்க அருமையான பொருள், பஞ்சர் கிட்டோடு சேர்த்துக் கட்டாயம் வைத்துக்கொள்ளலாம். கேஜாக நினைத்தால் அதன் அளவுகோலும் 120, 150 என்றுதான் போகும். கழற்றும்போது போகிற காற்றை அது கணக்கில் எடுப்பதில்லை. கால் பம்பில் ஒட்டியிருக்கும் முள் இன்னும் மோசம். மிதிக்கும்போது அது காட்டுவது பம்பின் அழுத்தம், மிதிப்பதை நிறுத்தினால்தான் டயருடையது.

வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் டி.பி.எம்.எஸ். சென்சார்கள் ஹேண்டில்பாரிலேயே அழுத்தத்தைக் காட்டும். நெடுஞ்சாலையில் ஆணி ஏறிக் காற்று இறங்குவதை ஓடும்போதே சொல்லும் ஒரே பொருள் இதுதான், அந்த வகையில் மதிப்பு பெரிது. ஆனால் இது அலாரம். தெருவில் நிறுத்தும் வண்டியில் சென்சார் எத்தனை நாள் இருக்கும் என்பது உங்கள் தெருவைப் பொறுத்தது. வேகமாகச் சுழலும்போது அதன் எடை ரப்பர் வால்வை வெளிப்பக்கம் இழுக்கும் என்பதால், மாட்டுவதாக இருந்தால் உலோக வால்வு போட்டுக்கொள்வது நல்லது. நைட்ரஜன் போட்டால் அளக்கவே வேண்டாம் என்கிறார்களே என்று கேட்பீர்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், சூட்டில் அதுவும் விரியும், டயரிலிருந்து அதுவும் இறங்கும்.

வாங்கியது சரியா என்று பார்ப்பது

வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான அளவுகோல் இல்லை, உண்மைதான். ஆனாலும் செய்ய முடிவது நிறைய இருக்கிறது. ஆறிய டயரில் அடுத்தடுத்து நாலைந்து முறை வையுங்கள். ஒவ்வொரு முறையும் துளிக் காற்று போவதால் எண் மெல்ல இறங்கலாம். 30, 30, 29.5 என்றால் பரவாயில்லை. 30, 27, 31 என்று குதித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எண் சரியா என்பதைவிட, ஒரே டயருக்கு ஒரே எண்ணைச் சொல்கிறதா என்பதுதான் முதல் பரீட்சை. எப்போதும் ஒன்று கூட்டிக் காட்டும் கேஜோடு காலம் தள்ளலாம், பின்பக்கம் டேப் ஒட்டி 'ஒன்று கழிக்கவும்' என்று எழுதிவிட்டால் முடிந்தது. நேரத்துக்கு ஒன்று சொல்லும் கேஜை எந்தக் கணக்காலும் காப்பாற்ற முடியாது.

அடுத்து ஒப்பீடு. ஞாயிற்றுக்கிழமை ரைடு கிளம்பும் கூட்டத்தில் நாலு பேரிடம் கேஜ் இருந்தால், ஒரே டயரில் நாலையும் வைத்துப் பாருங்கள். எது தனியாக நிற்கிறது என்று தெரிந்துவிடும். பீன்யா பக்கம் தொழிற்சாலையில் கருவிப் பிரிவில் வேலை பார்க்கும் சொந்தக்காரரோ நண்பரோ இருந்தால் விஷயம் இன்னும் சுலபம். அளவு தெரிந்த எடைக்கல்லை, பரப்பு தெரிந்த பிஸ்டன் மேல் வைத்து அழுத்தத்தை உண்டாக்கும் டெட் வெயிட் டெஸ்டர் அங்கே இருக்கலாம். அதில் 20, 30, 40 என மூன்று புள்ளியில் வைத்துப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். காசு கொடுத்து அங்கீகாரம் பெற்ற லேபில் சான்றிதழ் வாங்குவது வீட்டுக் கேஜுக்கு அதிகப்படி. கேஜின் விலையைவிட அது கூடிவிடும்.

சென்னைக்கு இறங்கினால் குறையுமா?

ஊருக்கு வண்டியிலேயே போகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். இங்கே வெளிக்காற்றின் அழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. குறைவு. எந்த கேஜும் டயருக்கு உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காட்டும். அதனால் இங்கே 33 பிடித்துக்கொண்டு சென்னைக்கு இறங்கினால், ஒரு துளிக் காற்றும் கசியாமலே 31.5 காட்ட வேண்டும். ஆனால் சென்னையின் வெயில் அதைச் சமன் செய்துவிடும். பெங்களூரில் 19 டிகிரி காலையில் அளந்த டயரை, சென்னையில் 28 டிகிரி காலையில் ஆறிய நிலையில் அளந்தால் சூட்டால் ஏறுவது ஏறக்குறைய அதே ஒன்றரை. கேஜ் 33-ஐயே காட்டும். ஊட்டிக்கு ஏறினாலும் இதே கதை, திசை மட்டும் மாறும்: உயரத்தால் இரண்டு கூடும், குளிரால் இரண்டு குறையும். ஆக ஊருக்குப் போய் இறங்கிய மறுநாள் காலை எண் மூன்று நாலு குறைந்திருந்தால் உயரத்தின் மேல் பழி போடாதீர்கள். வால்விலோ டயரிலோ கசிவு இருக்கிறது. சோப்புத் தண்ணீரை எடுங்கள்.

கண்ணாடி முகப்புக்குள் கிளிசரின் ஊற்றி அடைத்த முள் கேஜ்கள் மட்டும் கொஞ்சம் சிக்கல். உள்ளே அடைபட்ட காற்று உயரத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப மாறி, முள்ளின் பூஜ்யத்தையே லேசாக நகர்த்தும். முள் நடுங்காமல் நிற்பதற்காகச் செய்த ஏற்பாடு அது, அதிரும் இயந்திரங்களுக்கு ஏற்றது. நின்றுகொண்டிருக்கும் டயருக்கு எதற்கு?

என் தேர்வு

வீட்டு வாசலிலோ வெளிச்சம் உள்ள இடத்திலோ வண்டி நிறுத்துகிறவர் என்றால், 60 வரை உள்ள முள் கேஜ், குட்டைக் குழாய், வளைந்த அழுத்து வாய், காற்றை இறக்கும் பொத்தான், ரப்பர் உறை. வேறு யோசனையே வேண்டாம். பல வருடம் ஓடும். அதை டூல் பாக்ஸில் ஸ்பேனர்களோடு உருளவிடாமல் பழைய சாக்ஸுக்குள் போட்டு அலமாரியில் வையுங்கள்.

இருட்டு பேஸ்மென்ட், அல்லது நாற்பது வயதைத் தாண்டிய பிறகு சின்னக் கோடுகளோடு மல்லுக்கட்ட விருப்பமில்லை என்றால் டிஜிட்டல். துல்லியம் எவ்வளவு என்று அச்சில் போட்டிருக்க வேண்டும், அளவுகோல் 100-க்குள் இருந்தால் விசேஷம், வாய் வளைந்திருக்க வேண்டும். நாள் முழுக்க டெலிவரி ஓட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: பையில் கிடந்து அடிபடும், ஆனாலும் தாங்கும். அவர்களுக்கு டயர் ஆறியிருக்கும் நேரம் விடிகாலை மட்டும்தான், ஆகவே வாரத்தில் இரண்டு நாள் கிளம்பும் முன் அளந்தால் போதும். மற்றவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நீண்ட பயணத்துக்கு முந்தைய காலை ஒருமுறை.

லடாக், ஸ்பிதி என்று கிளம்புகிறவர்கள் எலெக்ட்ரிக் பம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கிளம்பும் முன் அதன் எண்ணை வீட்டு முள் கேஜோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைப் பம்பின் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

கடையில் வாங்குவது என்றால் பெங்களூரில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோடு. வாரநாளில் போங்கள், ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வண்டியிலேயே போய், "இத என் வண்டில ஒருதரம் வெச்சுப் பாக்கலாமாண்ணா?" என்று கேளுங்கள். முன் டயரில் ஒருமுறை, பின் டயரில் ஒருமுறை. எண்ணைப் பார்க்க வேண்டாம், டயர் சூட்டில் இருக்கும். வாய் உள்ளே போகிறதா, புஸ் இல்லாமல் உட்காருகிறதா என்று மட்டும் பாருங்கள். முன் சக்கரத்தில் சரியாக உட்கார்ந்தது பின் சக்கரத்தில் டிஸ்க்கில் இடிக்கும் வண்டிகள் உண்டு. அப்படியே வால்வு மூடி நாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அளக்கும் அவசரத்தில் கழற்றி வைத்தது சாக்கடைக்குள் உருண்டுவிடும், மூடி இல்லாத வால்வில் மண் ஏறினால் புது கேஜின் வாயும் சீக்கிரம் கசிய ஆரம்பிக்கும்.